கிறிஸ்துமஸ் காலுறைப் பரிசு: வீட்டில் யாருக்கு எதை வாங்குவது?

போன ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். 'பண்டிகைக் காலத்தில் குடும்பத்தினருக்குப் பரிசு தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை' என்பது தலைப்பு. கருத்து விளக்கக் கட்டுரைதான், சுலபமாக எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். வந்த கட்டுரைகளைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாருமே அப்பாவுக்குக் கைக்கடிகாரம் வாங்கியிருந்தார்கள். அம்மாவுக்குப் பட்டுச்சேலை. பாட்டிக்குச் சால்வை. "ஜொகூர் வெயில்ல எந்தப் பாட்டி சால்வை போர்த்துறாங்க?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

ஒரு மாணவர் கொஞ்சம் தாராளமாகத் தங்கக் கைக்கடிகாரமே வாங்கிவிட்டார். அவருடைய அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்.

"அப்பா கடிகாரம் கட்டுவாராய்யா?"

"இல்ல டீச்சர். போன்லதான் மணி பார்ப்பாரு."

"அப்புறம் ஏன் எழுதின?"

"இப்படி எழுதினாத்தான் புள்ளி கிடைக்கும்னு."

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. நாம்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். மாதிரிக் கட்டுரையில் சால்வை இருந்தால் மாணவர் கட்டுரையிலும் சால்வை வரும். அதனால் அடுத்த வாரம் தலைப்பைச் சுருக்கினேன்: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஆளுக்கொரு காலுறை தொங்குகிறது. அதற்குள் அடங்குகிற பொருள்தான் வாங்க வேண்டும். ஆறு பேருக்கும் சேர்த்து 60 ரிங்கிட்தான் கையில். இப்போது எழுதுங்கள்.

காலுறைக்குள் கைக்கடிகாரம் போகும், 60 ரிங்கிட்டில் தங்கம் வராது. பட்டுச்சேலையை எவ்வளவு மடித்தாலும் நுழைக்க முடியாது. மாணவர்கள் வேறு வழியில்லாமல் வீட்டு ஆட்களைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. இந்த இதழில் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் இந்தக் காலுறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் கேட்பார்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் மைரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்ற ஆயர் இருந்தார். அவரைப் பற்றி வழங்கும் கதை இது: ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. நிக்கோலாஸ் யாருக்கும் தெரியாமல் இரவில் அந்த வீட்டுக்குள் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார். பிற்காலத்தில் கதை வளர்ந்தது. உலர்வதற்காக அடுப்பங்கரையில் தொங்கிய காலுறைக்குள் பொன் விழுந்தது என்றார்கள். பொன்னுக்கு அடையாளமாகத்தான் பல நாடுகளில் காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் வைக்கிறார்கள். நிக்கோலாஸின் திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்திய நாள் மாலையில் நெதர்லாந்துக் குழந்தைகள் பரிசு கொண்டாடுகிறார்கள். அங்கே காலுறைக்குப் பதில் காலணி. 1823 டிசம்பரில் அமெரிக்காவின் டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஒரு பாட்டு, காலுறை, புகைபோக்கி, தாத்தா எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து உலகமெல்லாம் பரப்பியது.

கதையில் எனக்குப் பிடித்த இடம் பொன் இல்லை. அந்த வீட்டில் எது குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததே, அதுதான்.

நம் தமிழ்க் கிறிஸ்துவ வீடுகளில் காலுறை பழைய வழக்கம் இல்லை. கீதபவனி வருவார்கள். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவர் மிட்டாய் கொடுப்பார். 24ஆம் தேதி இரவு ஆராதனை, புதுத்துணி, மறுநாள் அக்கம்பக்கத்துக்குத் தட்டில் அச்சு முறுக்கும் கேக்கும். காலுறை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, பள்ளிப் புத்தகம், சினிமா, பேரங்காடி அலங்காரம் வழியாக. அதனால் என்ன, நல்ல பழக்கம் எந்த வழியாக வந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

என் அக்கா குளுவாங்கில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே. புகைபோக்கி இல்லாத வீடு. சன்னல் கம்பியில்தான் தொங்கவிடுவார்கள். கடையில் விற்கும் சிவப்புக் காலுறை அழகுக்குச் சரி, தையல் பிரிந்துவிடும். அக்கா மகனுடைய பழைய பந்தாட்டக் காலுறைதான் எங்களுக்கு வசதி. முழங்கால் வரை நீளம், நன்றாக இழுபடும். கனமானதை அடியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு காலுறையில் சின்னப் பொருள் ஐந்தாறு பிடிக்கும்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த தப்பு, எல்லாக் காலுறையிலும் சாக்லேட்டை நிரப்பியது. டிசம்பர் மழைக்காலம்தான் என்றாலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சாக்லேட் இளகிவிடும். விடியற்காலையில் பார்த்தால் சன்னலில் இருந்து காலுறை வரை எறும்பு வரிசை. அதைவிட மோசம், அக்காவின் மாமியாருக்கு நீரிழிவு. "நல்லா இருக்கும்மா" என்று வாங்கி, பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நம் வீட்டில் யாருக்கு என்று தெரியாமல் இனிப்பு வாங்குவது, அவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்குச் சமம்.

இங்கே இலக்கிய மாணவர்களுக்கு ஒரு சங்கதி. இன்று கைக்குப் போடுவதைக் 'கையுறை' என்கிறோம். சங்க இலக்கியத்தில் கையுறை என்றால் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் அன்பளிப்பு. குறுந்தொகையின் முதல் பாட்டை நினைத்துப் பாருங்கள். திப்புத்தோளார் பாடியது. தலைவன் செங்காந்தள் பூவைக் கையுறையாகக் கொண்டு வருகிறான். தோழி வாங்க மறுக்கிறாள். இது முருகனுடைய மலை, இங்கே குருதி நிறக் காந்தள் குலை குலையாகப் பூத்திருக்கிறது என்கிறாள். நேரடியாக 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. எங்களிடம் நிறைய இருப்பதையே கொண்டுவந்திருக்கிறாயே என்பதுதான் பொருள். துறை, கூற்று, உள்ளுறை என்று ஆயிரம் விளக்கம் சொல்லலாம். பரிசு வாங்குகிறவனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: போகிற வீட்டில் என்ன குவிந்து கிடக்கிறது என்று முதலில் பார். ஆசிரியர் தினத்தன்று குவளையாக வாங்கிச் சேர்த்திருக்கும் நம் எல்லாருக்கும் அந்தத் தோழியின் மனம் புரியும்.

அளவு சின்னது என்பதால் பரிசு சின்னதாகிவிடாது. அதியமான் ஔவையாருக்குக் கொடுத்தது நெல்லிக்கனி. அதுவும் பெரிய நெல்லி இல்லை, புறநானூறு 91ஆம் பாட்டு அதைச் சிறிய இலையுடைய நெல்லியின் கனி என்றுதான் சொல்கிறது. ஏற முடியாத மலைப்பிளவில் இருந்து கிடைத்தது, உண்டவர் நீண்ட நாள் வாழ்வார் என்பது நம்பிக்கை. அதன் பலனைச் சொல்லாமலே கொடுத்தான். 'கடையெழு வள்ளல்கள்' என்று பட்டியலை மனனம் செய்கிற மாணவர்கள், அந்தக் கனி ஒரு காலுறை நுனிக்குள் அடங்கும் என்பதைக் கவனிப்பதில்லை. அதே பட்டியலில் இருக்கும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்று பரணர் பாராட்டுகிறார். கொடைக்கு அது உயர்ந்த எடுத்துக்காட்டு. பரிசுத் தேர்வுக்கு அதைப் பின்பற்றினால் ஜொகூர்ப் பாட்டிக்குச் சால்வை வாங்குவதில் போய் முடியும்.

சரி, வீட்டு ஆட்களுக்கு வருவோம். பரிசை யோசிப்பதற்கு முன் அவருடைய ஒரு நாளை யோசியுங்கள் என்பதுதான் நான் மாணவர்களுக்குச் சொல்வது. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எதைத் தேடுகிறார், எதற்காக முணுமுணுக்கிறார். முணுமுணுப்பு ரொம்ப முக்கியம். 'இந்தக் கண்ணாடிய எங்க வச்சேன்' என்று தினமும் கேட்கும் தாத்தாவுக்கு, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு போதும். ஒரே விலைக் கடையில் கிடைக்கும்.

அம்மாக்கள் விஷயத்தில் நாம் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறோம். கரண்டி, கத்தி, டப்பா என்று சமையலறைக்கு வாங்கி அம்மாவுக்குப் பரிசு என்கிறோம். அது வீட்டுக்கு வாங்கியது, அம்மாவுக்கு வாங்கியது ஆகாது. அக்கா ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், "காய் சீவுற கட்டைய கொடுத்துட்டு மெரி கிறிஸ்மஸ்ங்கிறான் என் பையன். அந்தக் கட்டையில சீவி அவனுக்குத்தானே கூட்டு வைக்கப் போறேன்?" அக்காவுக்கு வெற்றுக் கையில் பூசும் களிம்பு பிடிக்கும், பாத்திரம் கழுவிக் கழுவி விரல் வெடித்திருக்கும். மல்லிகைப் பூவுக்கு நல்ல கொண்டை ஊசி பிடிக்கும். இரண்டும் காலுறைக்குள் போகும், அவர் ஒருத்தருக்கு மட்டுமே ஆகும்.

தேர்வு எழுதுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. எஸ்.பி.எம். காலம் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான எழுத்துத் தேர்வு 2025 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியது. அந்த கிறிஸ்துமஸில் என் அக்கா மகள் வேதியியல் குறிப்போடுதான் கேக் சாப்பிட்டாள். அவளுடைய காலுறையில் கறுப்பு மைப்பேனா, 2பி பென்சில் என்று போட எனக்கு ஆசை. ஆசிரியர் புத்தி! அக்கா தடுத்துவிட்டார். "வருஷம் பூரா பேனாதான்டி. ஒரு நாளாவது அவள பிள்ளையா பாரு." அவர் சொன்னது சரி. தலைமுடிக்கு நல்ல கிளிப்பு, அவளுக்குப் பிடித்த ஊறுகாய் மாங்காய்ப் பொட்டலம், அத்தோடு நிறுத்திக்கொண்டோம். பேனாவை 26ஆம் தேதி தனியாகக் கொடுத்தேன். மாணவர்களின் பெற்றோர் இதைப் படித்தால், தேர்வுக் காலத்தில் பயிற்சி நூலைப் பரிசுத் தாளில் சுற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கண்டிப்பான விதிகள் உண்டு, அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கழிப்பறைத் தாள் சுருளின் நடுவில் ஓர் அட்டைக் குழாய் இருக்கும். அதற்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். காலுறைப் பரிசு என்றாலே சின்னப் பொருள் என்பதால் இதை மறந்துவிடுகிறோம். பளிச் பளிச்சென்று எரியும் மலிவு விளையாட்டுப் பொருளில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட மின்கலம் இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். மின்கல மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காத்திருந்து பார்ப்பது ஆபத்து. குட்டிகளுக்குத் துணிப் புத்தகம், பெரிய மெழுகு வண்ணக்குச்சி, அவ்வளவுதான். அவர்களுக்குக் காலுறையை உருவிக் கொட்டுவதே பாதிச் சந்தோஷம்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் கோத்தா திங்கி மூழ்கியதை நம்மில் பலர் மறக்கவில்லை. ஆற்றோர வீடாக இருந்தால் கைவிளக்கு ஒன்று, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் வைக்கிற மாதிரி நீர் புகாத பை ஒன்று. சுருட்டினால் காலுறைக்குள் போய்விடும். பண்டிகை நாளில் இதென்ன என்று தோன்றலாம். வெள்ளம் பார்த்த வீட்டில் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இனி அக்காவின் மாமியார் கதை. அவருக்குத் தையல் பழக்கம். கண் மங்கியதால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "ஐயா, இங்க வா" என்று பேரனைக் கூப்பிடுவார். அவன் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடுவான். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தப் பையனே யோசித்து, நூல் கோக்க உதவும் சின்னக் கம்பிச் சாதனம் ஒன்றை வாங்கிப் பாட்டியின் காலுறையில் போட்டான். இரண்டு ரிங்கிட் சொச்சம். நான் பூரித்துப்போனேன், இதைவிடப் பொருத்தமான பரிசு இருக்க முடியுமா? பாட்டி எடுத்துப் பார்த்தார். எப்படிப் பயன்படுத்துவது என்று அவனே செய்து காட்டினான். "அப்போ இனிமே நான் கூப்பிட வேணாம், இல்ல?" என்றார். பையன் "ஆமா பாட்டி" என்றான், மகிழ்ச்சியாகத்தான்.

அந்தச் சாதனம் இன்னும் அவருடைய பிஸ்கட் டின்னில், பொத்தான்களோடு கிடக்கிறது. நூல் கோக்க இப்போதும் அவனைத்தான் கூப்பிடுகிறார். பயன்படுவது வேறு, வேண்டியிருப்பது வேறு. இதற்கு நான் எந்த விதியும் எழுதிக் கொடுக்க முடியாது. அடுத்த ஆண்டு அவன் அவருக்கு நூல்கண்டுகள் வாங்கினான், நாலு நிறத்தில். அது சரியாக இருந்தது.

அத்தான் சிங்கப்பூரில் வேலை செய்பவர். வாரக் கடைசியில்தான் குளுவாங் வருவார். மற்ற நாட்களில் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுவார். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வீட்டுப் பிள்ளைகள்தான் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், அப்பாவின் பையில் என்ன இருக்க வேண்டும் என்று: கடப்பிதழுக்கு நீர் புகாத உறை, மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறை ஒரு சோடி, கோடாலித் தைலம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அத்தான் அந்தப் பக்கம் தங்கிவிட்டார். கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரால் வர முடியவில்லை. வந்தால் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும், திரும்பிப் போனால் அங்கேயும். வேலை போய்விடும் என்ற பயம் வேறு. அவருக்குக் காலுறை தொங்கவிடுவதா வேண்டாமா என்று அக்காவுக்குக் குழப்பம். பிள்ளைகள் தொங்கவிட்டார்கள். தைலம், குளுவாங் காப்பித்தூள் பொட்டலம் ஒன்று, அவருக்குப் பிடித்த புளிப்பு மிட்டாய். காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார்கள். அடுத்த ஆண்டு பேருந்துப் பயணத்துக்கு வழி திறந்தது, அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. அதனால் அந்த ஆண்டும் அதே காலுறை.

2022 ஏப்ரல் 1இல் தரைவழி எல்லை முழுதாகத் திறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். மிட்டாய் கல்லாகியிருந்தது. காப்பித்தூளில் வாசமே இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுறேன்" என்று அக்கா எடுத்தார். அத்தான் விடவில்லை. அந்தப் பழைய தூளிலேயே காப்பி கலக்கச் சொல்லிக் குடித்தார். நான் ருசி பார்த்தேன், சகிக்கவில்லை. தைலம் மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டில் இல்லாதவருக்கும் ஒரு காலுறை உண்டு என்பதை அதற்குப் பிறகு நாங்கள் வழக்கமாக்கிவிட்டோம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா, யாராக இருந்தாலும். கெட்டுப்போகாத பொருளாகப் பார்த்துப் போடுவோம், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இதை வகுப்பில் செய்ய ஒரு பாடவேளை போதும். மாணவர்கள் முதலில் வீட்டு ஆள் ஒருவரின் ஒரு நாளைப் பத்து வரியில் எழுதட்டும், பரிசைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அதற்குப் பிறகுதான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விலையையும் எழுத வேண்டும். கடைசியில் அதையே கருத்தாக விரித்தால் கட்டுரைப் பத்தி தானாக வந்துவிடும். சான்று தேடி அலைய வேண்டியதில்லை, பத்து வரியில் எல்லாம் இருக்கிறது. பணக் கஷ்டம் உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். பெற்றோர் இல்லாதவர்கள் இருப்பார்கள், 'வீட்டு ஆள்' என்றே சொல்லுங்கள்.

தங்கக் கைக்கடிகாரம் வாங்கிய மாணவரும் திரும்ப எழுதினார். அப்பா காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார், வலப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்து ஓட்டுகிறார், அதனால் அவருடைய வலது கை மட்டும் கறுத்து, இடது கை வேறு யாருடைய கையோ போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். வெயிலுக்கு மாட்டிக்கொள்ள ஒரு சோடி வாங்கப் போகிறாராம், பாசார் மாலாமில் பத்து ரிங்கிட். அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், ஹேண்ட் சாக்ஸுக்குத் தமிழ்ல என்ன?"

"கையுறைன்னு எழுதுய்யா" என்றேன்.